செர்ஃப் ஏஜென்ட்: விழுந்த நோடைக் கண்டுபிடிப்பதில் கெட்டி, மற்றது உங்கள் பொறுப்பு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் கண்காணிக்காமல், ஒரு கிளஸ்டரில் சேர்ந்து இயங்கும் கணினிகள், அதாவது நோடுகள், ஒன்றையொன்று தாங்களே கவனித்துக்கொள்ளும் அமைப்பு வேண்டுமென்றால், செர்ஃப் நம்பி எடுக்கக்கூடிய கருவி. ஒரு நோடு நிஜமாகவே விழுந்ததா, இல்லை சும்மா தாமதமாகப் பதில் சொல்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதில் அது படு சாமர்த்தியம். விழுந்தபின் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் அதனிடம் பதில் கிடையாது. உங்கள் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்த எல்லை தெரியாமல் நிறுவுகிறவர்கள்தான் பிறகு அதைத் திட்டுகிறார்கள்.

ஹாஷிகார்ப் நிறுவனம் 2013ல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. கோ மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு பைனரி. டேட்டாபேஸ், ஜாவா எதுவும் வேண்டாம். 7946 என்ற போர்ட்டில் யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத வேகமான வழி), டிசிபி (சேர்ந்ததை உறுதிசெய்யும் வழி) இரண்டும் திறந்திருந்தால் போதும். உள்ளே ஓடும் இன்ஜினின் பெயர் மெம்பர்லிஸ்ட். கான்சல், நோமாட், ப்ரொமிதியஸின் அலர்ட்மேனேஜர், கிரஃபானா லோக்கி போன்ற சர்வர் நிர்வாக, கண்காணிப்புக் கருவிகள் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது இதே லைப்ரரிதான். செர்ஃப் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட இதன் லாக் வரிகளைப் பார்த்திருப்பார்கள்.

அடிப்படை, கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து 2002ல் வந்த ஸ்விம் என்ற புரோட்டோகால். எல்லா நோடும் எல்லா நோடுக்கும் ஹார்ட்பீட் ("உயிரோடிருக்கிறேன்" என்ற செய்தி) அனுப்பினால் 100 நோடில் ஒரு சுற்றுக்கு 9,900 செய்திகள் பறக்கும். ஸ்விம்மில் ஒவ்வொரு நோடும் ஒரு சுற்றில் ஒரே ஒருவரைத்தான் பிங் செய்யும். கிளஸ்டர் எவ்வளவு பெருத்தாலும் ஒரு நோடு செய்யும் பிங் வேலை அதே அளவில்தான் நிற்கும். யார் வந்தார், யார் போனார் என்ற செய்திகள் கொஸிப்பாக, அதாவது ஒருவர் சிலரிடம், அவர்கள் வேறு சிலரிடம் என்று, பரவும். பிங்குகளின் முதுகிலும் ஏறிப் போகும்.

ஒரு நோடு சாகும்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 100 நோடு, லேன் புரொஃபைல் (உள்ளூர் நெட்வொர்க்குக்கான முன்னமைப்பு), எந்த எண்ணையும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோடு தன் முறை வரும்போது இன்னொன்றுக்கு யுடிபியில் பிங் அனுப்புகிறது. 500 மில்லி நொடிக்குள் பதில் இல்லையென்றால், உடனே மூன்று நோடுகளைத் தேர்ந்தெடுத்து "நீ கேட்டுப் பார்" என்கிறது. அதே சமயம் டிசிபி வழியாகவும் தானே ஒருமுறை தட்டிப் பார்க்கிறது. 1 நொடி முடிவதற்குள் எந்த வழியிலும் பதில் வராவிட்டால் அந்த நோடு "சந்தேகத்துக்குரியது" என்று அறிவிக்கப்படும். செத்துவிட்டது என்று இன்னும் சொல்லவில்லை. இந்தச் செய்தி 200 மில்லி நொடிக்கு ஒருமுறை மூன்று நோடு வீதம் பரவும். ஒவ்வொரு நோடும் ஒரு செய்தியை அதிகபட்சம் 12 முறை திருப்பி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

சந்தேகிக்கப்பட்ட நோடு உயிரோடிருந்தால், தன்னைப் பற்றிய வதந்தியைக் கேட்டதும் தன் இன்கார்னேஷன் எண்ணை (தன்னைப் பற்றிய தகவலின் பதிப்பு எண்) உயர்த்தி, "நான் இருக்கிறேன்" என்று மறுப்பு அனுப்பும். பெரிய எண்தான் செல்லும் என்பதால் பழைய வதந்தி அத்தோடு அடங்கிவிடும்.

மறுப்புக்கு எவ்வளவு நேரம் தருவது என்பதில்தான் செர்ஃப்பின் உண்மையான தரம் தெரிகிறது. குறைந்தபட்சக் கெடு: 4 பெருக்கல், நோடு எண்ணிக்கையின் 10 அடிமான லாகரிதம் (1க்குக் கீழே போனால் 1 என்றே கணக்கு), பெருக்கல் 1 நொடி. 100 நோடுக்கு அது 8 நொடி. அதிகபட்சம் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 48 நொடி. ஒரே ஒரு நோடு மட்டும் சந்தேகப்பட்டால் 48 நொடி காத்திருக்கும். இன்னொரு நோடு தன் சொந்த சோதனையில் அதே முடிவுக்கு வந்தால் கெடு சுமார் 22.8 நொடியாக இறங்கும். மூன்றாவதும் சொன்னால் 8 நொடி. நிஜமாகவே கரண்ட் போன சர்வர் என்றால் சாட்சிகள் மளமளவென்று சேர்ந்துவிடும்; 10 நொடியை ஒட்டி முடிவு தெரிந்துவிடும். ஒரு நோடின் நெட்வொர்க் கார்டு மட்டும் கிறுக்குப் பிடித்து ஊரையே சந்தேகப்பட்டால், அதன் பேச்சை மற்றவர்கள் வழிமொழியமாட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட நோடுகள் சாவகாசமாக மறுப்பு அனுப்பிவிடும்.

இதற்கு லைஃப்கார்ட் என்று பெயர். பழைய ஸ்விம்மில் இருந்த பெரிய ஓட்டை இதனால் அடைபட்டது. சிபியு இறுகிப்போய் மூச்சுத்திணறும் நோடு, வந்த பதில்களைக்கூட நேரத்துக்கு எடுத்துப் படிக்காது; படிக்காமலேயே "யாரும் பதில் சொல்லவில்லை" என்று மற்றவர்கள் மேல் பழிபோடும். லைஃப்கார்ட் அந்த நோடையே முதலில் "கோளாறு என்னிடமா?" என்று கேட்க வைக்கிறது. மூன்று நடுவர் நோடுகளிடம் கேட்டோமே, அவை "எங்களுக்கும் பதில் இல்லை" என்று ஒரு குறிப்பாவது திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் குறிப்புகள் மூன்றும் வந்து சேர்ந்தால் என் காது சரியாக வேலை செய்கிறது, எதிர்முனைதான் போச்சு என்று பொருள். குறிப்புகளே வரவில்லையென்றால், வராத ஒவ்வொன்றுக்கும் என் ஹெல்த் ஸ்கோர் 1 ஏறும். என்னைப் பற்றிய வதந்தியை நானே மறுக்க வேண்டி வந்தாலும் 1 ஏறும். ஒழுங்காகப் பதில் கிடைத்த ஒவ்வொரு பிங்குக்கும் 1 இறங்கும். ஸ்கோர் 0 முதல் 7 வரை. 1 நொடிச் சுற்று, ஸ்கோரோடு ஒன்றைக் கூட்டி அத்தனை மடங்கு நீளும்; உச்சத்தில் 8 நொடி. நோய்வாய்ப்பட்ட நோடு தானாகவே நிதானமாகிவிடுகிறது. யாரும் கான்ஃபிகரேஷன் கோப்பைத் தொடத் தேவையில்லை. மென்பொருள் சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறார்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த ஸ்கோரை ஸ்டேட்ஸ்டி (அளவீடுகளைச் சேகரிக்கும் சேவை) வழியாக வெளியே எடுத்து கிராஃபில் போடலாம். போடாமல் விடுவது வீண். ஒரு நோடின் ஸ்கோர் பல நிமிடங்கள் 0க்கு மேலேயே நின்றால், பெரும்பாலும் ஏஜென்ட்டும் முக்கிய அப்ளிகேஷனும் ஒரே சிபியு வரம்புக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. கன்டெய்னரின் கோட்டா தீர்ந்ததும் கெர்னல் அந்த 100 மில்லி நொடிச் சுற்றின் மீதி நேரம் முழுக்க ஏஜென்ட்டையும் சேர்த்தே நிறுத்திவைக்கும். ஏஜென்ட்டைத் தனி சிகுரூப்பில் (லினக்ஸில் ப்ராசஸ்களுக்கு சிபியு பங்கைப் பிரித்துக்கொடுக்கும் குழு) எடுத்து வைத்தால் ஸ்கோர் இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை, ஆவணங்களில் கண்ணில் படாதது. மூன்று நோடு கிளஸ்டரில் மேலே சொன்ன நெகிழ்வான கெடு வேலை செய்யாது. வழிமொழிய இரண்டு சாட்சிகள் வேண்டும். சந்தேகப்படுகிறவரையும் சந்தேகிக்கப்படுகிறவரையும் கழித்தால் மிச்சம் ஒருவர்தான். ஆகவே கோட் நேரடியாகக் குறைந்தபட்சக் கெடுவுக்கே போய்விடும்: அசையாத 4 நொடி. விர்ச்சுவல் மெஷினை ஹோஸ்ட் மாற்றும்போது 5 நொடிக்குச் சற்று மேல் உறைந்தாலே நோடு செத்ததாக அறிவிப்பு வரலாம். "சின்ன கிளஸ்டர்தானே, இதில் ஏன் இத்தனை ஆட்டம்" என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் விடை இதுதான். நான்காவதாக ஒரு நோடு சேர்த்தால், அது வெறும் ஏஜென்ட்டாக இருந்தாலும், கெடு 4 முதல் 24 நொடிவரை நெகிழத் தொடங்கும்.

நிறுவும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்

முதல் இடம், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி. அது சர்வீஸை நிறுத்த அனுப்புவது டெர்ம் சிக்னல். செர்ஃப்போ இன்டரப்ட் சிக்னல் வந்தால்தான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பும். டெர்ம் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். விளைவு, திட்டமிட்டு நிறுத்திய ஒவ்வொரு நோடும் மற்றவர்கள் கண்ணுக்கு "ஃபெயில்ட்" ஆகத் தெரியும்; மீட்பு ஸ்கிரிப்டுகள் கிளம்பிவிடும். "லீவ் ஆன் டெர்மினேட்" என்ற அமைப்பை ட்ரூ ஆக்குங்கள், அல்லது யூனிட் கோப்பில் கில் சிக்னலை இன்டரப்ட்டாக மாற்றுங்கள். மாற்றியதும் இரண்டாவது பொறி காத்திருக்கிறது. தெரிந்த நோடுகளைக் குறித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் கோப்பு வைத்திருந்தால் ரீஸ்டார்ட் ஆன ஏஜென்ட் பழைய நண்பர்களைத் தானே தேடிப்போய்ச் சேரும் என்பது உண்மை. ஆனால் சொல்லிக்கொண்டு கிளம்பிய நோடு அப்படித் திரும்பாது. வேண்டுமென்றே போனவன் என்று குறித்துவைத்திருக்கும். "ரீஜாயின்" கொடியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் திரும்பும்.

கிளஸ்டரில் சேரச் சொல்லும் அமைப்புகளில் "ஜாயின்" வேறு, "ரீட்ரை ஜாயின்" வேறு. முதலாவதில் கொடுத்த முகவரி எதுவும் கிடைக்காவிட்டால் ஏஜென்ட் எழும்பாமலே வெளியேறிவிடும். இரண்டாவது 30 நொடிக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கும். மொத்த கிளஸ்டரும் ஒரே நேரத்தில் பூட் ஆகும் நாளில் முதலாவதை நம்பியிருந்தால் வேடிக்கைதான்.

ஃபயர்வாலில் டிசிபியை மட்டும் திறந்துவிட்டு யுடிபியை மறப்பது அடிக்கடி நடக்கும். நல்லவேளையாக அந்த டிசிபி தட்டல் காப்பாற்றிவிடும். நோடு விழுந்ததாகச் சொல்லாது. ஆனால் லாகில் "டிசிபியில் தொடர்பு கிடைத்தது, யுடிபி சோதனைகள் தோற்றன, நெட்வொர்க் அமைப்பு தவறாக இருக்கலாம்" என்ற பொருளில் எச்சரிக்கை வரிகள் கொட்டும். வேலை நடக்கிறதே என்று அதை அலட்சியம் செய்தால் கொஸிப் பரவுவது மந்தமாகிவிடும். முழுப் பட்டியலை டிசிபியில் பரிமாறிக்கொள்வது லேன் புரொஃபைலில் 30 நொடிக்கு ஒருமுறை. 32 நோடு தாண்டினால் அந்த இடைவெளியும் நீளும், 100 நோடில் 90 நொடி.

நோடு பெயர்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்த இரண்டு மெஷின்கள் ஒரே ஹோஸ்ட்நேமோடு வந்தால், செர்ஃப் மற்றவர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தும். தோற்ற ஏஜென்ட் தானே ஷட்டவுன் ஆகும். சரியான நடத்தைதான், ஆனால் லாக் படிக்காதவர்களுக்கு ஏஜென்ட் காரணமே இல்லாமல் செத்ததுபோல் தெரியும்.

என்கிரிப்ஷன் சாவியை 16, 24, 32 பைட் அளவுகளில் கொடுக்கலாம். மாற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் எல்லா நோடிலும் புதியதை இன்ஸ்டால், பிறகு யூஸ், கடைசியாகப் பழையதை ரிமூவ். இன்ஸ்டால் நடந்த நேரத்தில் அணைந்திருந்த நோடு திரும்பி வரும்போது யார் பேசுவதும் அதற்குப் புரியாது. ரிமூவ் கொடுக்கும் முன் ஃபெயில்ட் பட்டியல் காலியா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

மீட்பு ஸ்கிரிப்ட்: இங்கேதான் மதிப்பெண் குறைகிறது

நோடு விழுந்ததும் "மெம்பர் ஃபெயில்ட்" நிகழ்வுக்கு நீங்கள் கொடுத்த ஸ்கிரிப்ட் ஓடும். நோடின் பெயர், முகவரி, ரோல், டேக்குகள் (நோடின் மேல் நீங்கள் ஒட்டும் குறிப்புகள்) நான்கும் டேப் பிரித்த வரிகளாக ஸ்டாண்டர்டு இன்புட்டில் வரும். வரிகளாக என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்தடுத்து வரும் நிகழ்வுகளை ஏஜென்ட் 3 நொடிவரை சேர்த்துவைத்து ஒரே அழைப்பாகக் கொடுக்கும். முதல் வரியை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட் சோதனையில் பிரமாதமாக ஓடும்; ஒரு ரேக் முழுக்கக் கரண்ட் போகும் அன்று பத்தில் ஒன்பது நோடைத் தவறவிடும். கட்டாயம் லூப் போடுங்கள்.

ஸ்கிரிப்டில் நீண்ட வேலை வைக்காதீர்கள். 1 நொடி தாண்டினாலே லாகில் எச்சரிக்கை வரும். அது முடியும்வரை அடுத்த நிகழ்வு வரிசையில் நிற்கும். நிகழ்வை ஒரு கோப்பிலோ க்யூவிலோ எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் வெளியேறட்டும். தனியாக ஓடும் ஒரு ப்ராசஸ் அதை எடுத்து, 60 நொடி பொறுத்து, "செர்ஃப் மெம்பர்ஸ்" கட்டளையை மறுபடி ஓட்டி, நோடு இன்னும் ஃபெயில்ட்தானா என்று பார்த்தபிறகு கைவைக்கட்டும். விழுந்து எழும் நோடுகளால் வரும் தொல்லையில் பெரும்பகுதி இந்த ஒரு இடைவெளியிலேயே போய்விடும்.

அடுத்தது, இந்த ஸ்கிரிப்ட் எல்லா நோடிலும் ஓடும். 100 நோடில் ஒன்று விழுந்தால் 99 இடத்தில் "மாற்று மெஷின் ஒன்று எழுப்பு" என்ற வேலை கிளம்பும். லோட் பேலன்சர் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை நீக்குவது போன்ற, எத்தனை முறை செய்தாலும் ஒரே விளைவு தரும் வேலைகளுக்கு இது பொருத்தம்; ஒவ்வொரு லோட் பேலன்சரும் தன் பட்டியலைத் தானே திருத்திக்கொள்ளும். ஒருவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை என்றால், உயிரோடிருக்கும் பெயர்களில் அகர வரிசையில் முதலாவது எதுவோ அது செய்யட்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். நெட்வொர்க் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பக்கமும் ஒரு "முதலாவது" இருக்கும், இரண்டும் வேலையைச் செய்யும். டிஸ்க்கை இன்னொரு மெஷினில் மவுன்ட் செய்வது, டேட்டாபேஸின் பிரைமரியை மாற்றுவது போன்றவற்றில் இப்படி நடந்தால் டேட்டா போச்சு. அதற்கு ராஃப்ட் (பெரும்பான்மை நோடுகள் ஒப்புக்கொண்டால்தான் முடிவெடுக்கும் முறை) அடிப்படையிலான எட்சிடி, கான்சல் போன்ற ஒன்றில் பூட்டு எடுத்துத்தான் ஆக வேண்டும். செர்ஃப் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிளவு சரியானதும் என்ன ஆகும்? ஃபெயில்ட் நோடுகளோடு மறுபடி சேர 30 நொடிக்கு ஒருமுறை முயற்சி நடக்கும், அதிலும் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். ஒரே ஒரு முயற்சி பலித்தால் போதும், இரு பக்கப் பட்டியலும் கலந்து கிளஸ்டர் ஒன்றாகிவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் 24 மணி நேரம் ஃபெயில்ட் நிலையிலேயே இருந்த நோடு பட்டியலிலிருந்தே அழிக்கப்படும். சனிக்கிழமை அறுந்த லிங்க் திங்கட்கிழமை சரியானால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று மறந்திருக்கும். தனித்தனி கிளஸ்டராக நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். "ரீட்ரை ஜாயின்" இங்கே கைகொடுக்காது, அது ஏஜென்ட் எழும்பும்போது ஒருமுறை சேரும்வரைதான். "ரீகனெக்ட் டைம்அவுட்"டை 72 மணி நேரமாக ஏற்றிவையுங்கள். கூடவே, நிலையான இரண்டு மூன்று முகவரிகளுக்கு "செர்ஃப் ஜாயின்" கொடுக்கும், குறித்த இடைவெளியில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையும் இருக்கட்டும். ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அதனால் தீங்கில்லை.

இன்னொரு குறை பாதி செத்த நோடு. செர்ஃப் பார்ப்பது ஏஜென்ட் பதில் சொல்கிறதா என்பதை மட்டும். டிஸ்க் தொங்கிப்போய் அப்ளிகேஷன் அசைவற்றுக் கிடந்தாலும், ஏஜென்ட் பிங்குக்குப் பதில் சொல்ல டிஸ்க்கைத் தொடவே வேண்டாம் என்பதால், நோடு "அலைவ்" என்றே தெரியும். அப்ளிகேஷனை நிஜமான ஒரு கோரிக்கை அனுப்பிச் சோதித்து, மூன்று முறை தொடர்ந்து தோற்றால் "செர்ஃப் டேக்ஸ்" மூலம் ஒரு டேக்கை மாற்றும் சின்ன ஸ்கிரிப்ட் தேவை. டேக் மாறியது "மெம்பர் அப்டேட்" நிகழ்வாக எல்லோருக்கும் போய்விடும். டேக்குகளுக்கு மொத்தம் 512 பைட்தான் இடம். புள்ளிவிவரங்களை அதில் திணிக்க முயலாதீர்கள்.

எரிச்சல் தரும் விஷயம், ஏஜென்ட்டில் பிங் இடைவெளி, கெடு எதையும் தனித்தனியாக மாற்ற வழியில்லை. லேன், வேன் (தொலைதூர நெட்வொர்க்), லோக்கல் என்று மூன்று புரொஃபைல், அவ்வளவுதான். வேனில் சுற்று 5 நொடி, பிங் காத்திருப்பு 3 நொடி, கெடுவின் பெருக்கி 6. நடுவாந்திரமாக ஒன்று வேண்டுமென்றால் மெம்பர்லிஸ்ட் லைப்ரரியை எடுத்துச் சொந்தமாக கோ நிரல் எழுத வேண்டும். ஓவர்லே நெட்வொர்க்கில் (இன்னொரு நெட்வொர்க்கின் மேல் ஓடும் மெய்நிகர் நெட்வொர்க்) எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு, 1400க்குக் கீழே போனாலும் அதே கதை. கொஸிப் பாக்கெட் 1400 பைட்வரை நிரப்பப்படும். அதைவிடச் சிறிய பாதையில் குட்டி பாக்கெட்டுகள் போய்விடும், பெரியவை வழியில் தொலையும். இதனால் கிளஸ்டர் சும்மா இருக்கும்போது நன்றாகவும், நிறைய மாற்றம் நடக்கும்போது மட்டும் மோசமாகவும் தெரியும். யுடிபி பஃபர் அளவைக் குறைக்கும் அமைப்பு லைப்ரரியில் உண்டு, ஏஜென்ட்டில் இல்லை.

நம்பி எடுக்குமுன் ஓட்டிப் பார்க்க மூன்று சோதனைகள். ஒன்று, ஏஜென்ட்டை 9ஆம் எண் சிக்னலால் கொன்று, மற்ற நோடுகளில் அறிவிப்பு வரும் நேரத்தை மேலே சொன்ன கெடுவோடு ஒப்பிடுங்கள். இரண்டு, ஸ்டாப் சிக்னல் கொடுத்து 30 நொடி உறையவைத்து, கன்டினியூ கொடுங்கள். எழுந்த நோடு மற்றவர்களைச் சந்தேகிக்கிறதா, தன் ஹெல்த் ஸ்கோரை ஏற்றிக்கொள்கிறதா என்று பார்க்க இதுதான் நல்ல வழி. மூன்று, ஒரு நோடிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகளில் மட்டும் நெட்எம் (பாக்கெட் இழப்பைச் செயற்கையாக உண்டாக்கும் லினக்ஸ் வசதி) மூலம் 30 சதவீதத்தைத் தொலையுங்கள். நேரடி பதில் தொலைய வாய்ப்பு 0.3, மூன்று நடுவர் வழியும் தொலைய 0.027, டிசிபியைக் கணக்கில் சேர்க்காமலேயே ஒரு சோதனை முழுதாகத் தோற்க வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே அந்த நோடு அவ்வப்போது சந்தேகத்துக்குள்ளாகி, மறுப்பு அனுப்பித் தப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். "ஃபெயில்ட்" ஆகிவிட்டால் உங்கள் அமைப்பில் நடுவர் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் சப்நெட்டுகளுக்கு இடையிலான ஃபயர்வால் விதி.

வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிகளை இணைக்க இது உதவாது. ஒவ்வொரு நோடும் மற்ற எல்லாவற்றாலும் நேரடியாகத் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் வந்துபோகும் திறந்த நெட்வொர்க்குக்கும் ஆகாது, சாவி வைத்திருப்பவர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பும். அங்கே, நோடுகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ள கடெம்லியா என்ற முறையைத் தரும் லிப்பிடூபி போன்ற லைப்ரரிகளைப் பாருங்கள். சொந்த டேட்டா சென்டரில், சொந்த சர்வர்களுக்கு என்றால் கண்டுபிடிப்புக்கு 5க்கு 4.5, மீட்புக்கு 5க்கு 2. கோ தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் ஏஜென்ட்டை விட்டுவிட்டு நேராக மெம்பர்லிஸ்டையே எடுங்கள்.